தட்டச்சுப் பள்ளியும் கட்டளை வரியும்

சென்னை ஐஐடி 2020-ஆம் ஆண்டில் அறிவித்து இணையவழியே நடத்திவரும், நிரலாக்கத்துக்கும் தரவு அறிவியலுக்கும் உரிய பட்டப்படிப்பில், 'சிஸ்டம் கமாண்ட்ஸ்' என்று ஒரு பாடம் இடம்பெற்றிருக்கிறது. லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், திரையில் தெரியும் படங்களை மவுஸால் தொட்டுத் தொட்டு நகராமல், வேண்டியதை ஒரு வரியாகத் தட்டச்சு செய்து கணினிக்கு ஆணையிடும் முறையே அந்தப் பாடத்தின் விஷயம். அதைக் கற்பிப்பவர் கணினித் துறைப் பேராசிரியர் அல்லர். உலோகவியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் கந்தம் ஃபணிகுமார். கட்டளை வரி என்பது கணினிப் பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று நம்மிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயத்தைக் களைவதற்கு இந்த ஒரு செய்தியே போதுமானது.

எழுத்தோடும் எண்ணோடும் அன்றாடம் பழகுகிற குமாஸ்தாவுக்கும், கணக்கருக்கும், நூலகருக்கும், தமிழாசிரியருக்கும் இந்த வித்தை உரியது என்பதும், அதைப் பரப்புவதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் சென்னையில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன என்பதும், அவற்றுள் நாம் இதுவரை நினைத்துப் பாராத ஒன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாடிப்படி ஏறினால் தட்டும் ஓசை கேட்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்பதுமே நான் இங்கே நிலைநாட்ட விரும்பும் கருத்து.

கட்டளை வரியின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது சொன்னால், தட்டச்சுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் விளங்கும். 1969-இல், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, இன்று நம் மேஜைமீது இருப்பவை போன்ற வண்ணத்திரைகள் இல்லை. காகிதச் சுருளின்மீது எழுத்துகளை அச்சிடும் டெலிடைப் என்னும் யந்திரமே மனிதனுக்கும் கணினிக்கும் இடையே நின்றது. கனத்த விசைகளை அழுத்தித் தட்ட வேண்டியிருந்ததாலும், அந்த யந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்துகளுக்குமேல் அச்சிட இயலாதிருந்ததாலும், கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளில் முடியும்படி சுருக்கமாக அமைந்தன. கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடமோ பெயரோ மாற்ற எம்வி, இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று அறிய பிடபிள்யூடி, அங்கிருந்து வேறிடம் செல்ல சிடி ஆகியவை அந்தச் சிக்கனத்தின் பயன்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், யந்திரங்கள் அடையாளம் தெரியாமல் மாறிப்போன பின்னும், இவை அப்படியே உயிரோடு இருக்கின்றன. இன்று கற்பவனுக்குத் தன் உத்தியோக காலம் முழுவதும் பயன்படும் என்று துணிந்து சொல்லத்தக்க கணினி அறிவு மிகவும் சொற்பம். அந்தச் சொற்பத்தில் இது சேரும்.

யூனிக்ஸ் தோன்றிய அதே காலத்தில் நம் ஊரின் நிலைமை என்னவென்று பார்க்கலாம். அடையாற்றை அடுத்த ஐஐடி வளாகத்தில், ஜெர்மனியின் உதவியோடு, 1973-இல் ஐபிஎம் 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. அதை உபயோகிக்க விரும்பியவர்கள், நிரலைத் துளையிட்ட அட்டைகளின் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருந்தார்கள். ஓர் அட்டையில் ஒரு துளை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். எழுதிய வரிக்கு உடனே விடை தரும் முனையம் என்ற ஏற்பாடு, அத்தகைய காத்திருப்பை ஒழித்துக் கணினியோடு நேருக்கு நேர் உரையாடும் சுதந்திரத்தை அளித்ததென்பதை நினைவில் கொண்டால், கறுப்புத் திரையும் மின்னும் குறியும் மட்டுமே கொண்ட இந்த எளிய சாளரத்தின்மீது புதிய மரியாதை பிறக்கும்.

இனி விசைகளுக்கு வருவோம். தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் கற்பிக்கப்படுவது விரல்களின் இருப்பிடம். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று இடக்கையும், செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே என்று வலக்கையும் மாறி மாறிப் பயின்று, பார்வை தாளிலேயே நிற்க, விரல்கள் தாமே வழியறிந்து செல்லும் நிலை கைகூடிய பிறகே மாணவர் 'லோயர்' தேர்வுக்கும், பின்னர் 'ஹையர்' தேர்வுக்கும் செல்கிறார். ஆங்கிலத் தட்டச்சில் முன்னதற்கு நிமிஷத்துக்கு 30 சொல், பின்னதற்கு 45 சொல் வேகம் வேண்டும். இவ்வளவு சிரத்தையோடு பழக்கிய கைகளை உடைய ஒருவர், கணினியின்முன் அமர்ந்ததும், ஒவ்வொரு காரியத்துக்கும் வலக்கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மவுஸைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி, பட்டியலைத் திறந்து, மறுபடி கையை இருப்பிடத்துக்குக் கொண்டுவருவாரானால், அவர் பெற்ற பயிற்சியில் பாதி வீணாகிறது.

முனையத்தில் அந்த வீண் இல்லை. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஏ என்பதைத் தட்டினால், எழுதிக்கொண்டிருக்கும் வரியின் தொடக்கத்துக்குப் போகலாம்; ஈ என்பதைத் தட்டினால் முடிவுக்குப் போகலாம். டபிள்யூ முந்தைய சொல்லை அகற்றும். யூ வரியின் தொடக்கம் வரையிலும், கே அதன் முடிவு வரையிலும் உள்ளவற்றை அகற்றும். அகற்றியதை ஒய் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும். இவற்றுள் பெரும்பாலானவை 1976-இல் பிறந்த ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியின் மரபிலிருந்து வந்தவை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்த பாஷ் என்னும் கட்டளை விளக்கி இவற்றை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் கணினிகளில் கடிதம் எழுதும் இடத்திலும் இவற்றுள் சில இன்றும் வேலை செய்கின்றன. விசைகள் யாவற்றிலும் அதிகப் பிரயோஜனம் உள்ளது எதுவென்று கேட்டால், கண்ட்ரோலோடு ஆர் என்றே சொல்வேன். முன்பு எப்போதோ பிரயாசைப்பட்டு எழுதிய ஒரு நீண்ட கட்டளையில் நினைவிலிருக்கும் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டினால், கணினி தன் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி அந்த வரியை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருமுறை சரியாகச் செய்த வேலையை மறுமுறை யோசித்து எழுத வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

டேப் விசைக்கும் இங்கே தனிச் சிறப்பு உண்டு. கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகளை எழுதி அதைத் தட்டினால், மற்றவற்றைக் கணினியே நிரப்பும். நிரப்பவில்லையென்றால், ஒன்று அந்த எழுத்துகளில் தொடங்கும் கோப்புகள் பல இருக்கின்றன, அல்லது நாம் எழுதியது பிழை. எழுத்துப் பிழையைச் செயலுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும் இந்தச் சௌகரியத்தைப் புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளே பழக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை அடியோடு நிறுத்த கண்ட்ரோலோடு சி, தற்காலிகமாக நிறுத்திவைக்க இசட், நிறுத்தியதைத் திரும்ப அழைக்க எஃப்ஜி என்ற கட்டளை. வேறு செயலிகளில் நகலெடுக்கும் கண்ட்ரோல்-சி முனையத்தில் வேலையை நிறுத்திவிடுவதால், லினக்ஸ் முனையங்கள் பலவற்றில் நகலெடுப்பதற்கு ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்துகிறோம். புதியவர்களைக் கலவரப்படுத்தும் வேறுபாடுகளில் முதன்மையானது இதுதான். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கலவரம் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

விசைகள் கைக்கு வேகம் தருவனவேயாயினும், இந்த முறையின் உள்ளார்ந்த மகிமை வேறிடத்தில் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1964-இல் எழுதிய ஒரு குறிப்பில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் சேர்க்க வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். 1973-இல் தாம்ஸன் அதை யூனிக்ஸில் நிறைவேற்றிக் கொடுத்தார். ஒரு சிறு கட்டளையின் விடை அப்படியே அடுத்த கட்டளையின் வினாவாகிறது. இடையே ஒரு செங்குத்துக் கோடு இட்டால் போதும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு காரியத்தை மட்டும் செவ்வனே செய்கிறது. கிரெப் வேண்டிய வரிகளைத் தேடி எடுக்கிறது, சார்ட் வரிசைப்படுத்துகிறது, யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கி எண்ணிக்கை சொல்கிறது, டபிள்யூசி வரிகளையும் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணுகிறது, டிஃப் இரண்டு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் காட்டுகிறது. தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இவை, சேர்த்துப் பிரயோகிக்கத் தெரிந்தவர் கையில் அசாதாரண வலிமை பெறுகின்றன.

1986-இல் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரலொன்றை எழுதுமாறு, கணினி அறிவியலாளர் டொனால்டு நூத்தை, அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் மாத இதழில் பத்தி எழுதிவந்த ஜான் பெண்ட்லி கேட்டுக்கொண்டார். நூத் பல பக்கங்களில் அழகிய நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய், அந்த நிரலின் சிறப்பைப் போற்றிவிட்டு, அதே வேலையை ஆறே கட்டளைகளின் தொடரால் முடித்துக் காட்டினார். அந்த ஆறில் ஒன்று, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக மாற்றுவதற்கு உரியது. தமிழில் அந்தப் பேதமே இல்லாததால், அந்தக் கட்டளை நமக்கு வேண்டியதில்லை.

இதை ஏட்டளவில் நின்றுவிடும் விஷயமென்று எவரும் கருத வேண்டாம். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்கர், மாத முடிவில் பில் எண்கள் எங்கேனும் இரட்டித்திருக்கின்றனவா என்று அறிய வேண்டுமானால், அந்த எண்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக இட்டு, சார்ட் கட்டளையையும், இரட்டித்தவற்றை மட்டும் காட்டும்படி யூனிக் கட்டளையையும் இணைத்தால் விடை விநாடிகளில் வந்துவிடும். ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் படமெடுத்துப் பாதுகாக்கும் நூலகத்தில், கேமரா தானாக வைத்த பெயர்களோடு ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்து கிடக்குமானால், அவற்றுக்கெல்லாம் நூற்பெயரும் பக்க எண்ணும் வரிசையாக அமையும்படி பெயர் மாற்றும் வேலையை, ஒரு மனிதர் நாட்கணக்கில் செய்வதற்குப் பதில், எம்வி கட்டளையைச் சுழலும் வரியொன்றுக்குள் வைத்து ஒரே தடவையில் முடிக்கலாம். 1886-இல் தோன்றிய அடையாறு நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் பெயரால் விளங்கும் நூலகமும், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ள தென்சென்னையில், இத்தகைய திறமை பெற்ற இளைஞர்களுக்குப் பணிக்குக் குறைவிராது.

தமிழ் நூல்களைக் கற்பவர்களுக்கோ, இதனால் விளையும் லாபம் இன்னும் அதிகம். கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை எத்தனையோ நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றைத் தம் கணினியில் ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைத்துக்கொண்ட ஒருவர், 'குளம்' என்ற சொல் எந்தெந்த நூலில், எந்தெந்த வரியில் வருகிறது என்று கிரெப்பைக் கேட்டால், ஓர் அகராதிக் குழு மாதக்கணக்கில் அட்டைகளில் எழுதித் திரட்டியிருக்கக்கூடிய செய்தி கண்முன் வந்து நிற்கும். ஆனால் நம் மொழியின் இயல்பறிந்து கேட்க வேண்டும். 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' என்பதும் 'குளக்கரை' என்பதும் அகப்படா. 'குள' என்று மட்டும் தேடினாலோ 'குளிர்' என்பதும் சேர்ந்து வரும், ஏனெனில் கணினியின் கணக்கில் 'ளி' என்பது 'ள' என்ற எழுத்தும் அதையடுத்த ஒரு குறியுமேயாகும். மகர ஒற்றோ, தகர ஒற்றோ, ககர ஒற்றோ பின்தொடரும் 'குள' என்பதைத் தேடு என்று கட்டளையிடுவதற்கும் கிரெப்பில் வழி உண்டு. இலக்கணம் அறிந்த தமிழாசிரியர், இந்தக் கலையில், இலக்கணம் அறியாத பொறியாளரை எளிதில் மிஞ்சிவிடுவார்.

இந்த இடத்தில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. யூனிக்ஸைப் படைத்த அதே கென் தாம்ஸன், 1992 செப்டம்பரில், ராப் பைக் என்ற சகாவோடு நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, மேஜைமீது விரித்திருந்த தாளில் வரைந்து வகுத்ததுதான் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கம். இன்று நம் செல்பேசியிலும் இணையத்திலும் தமிழ் எழுத்து பிழையின்றிப் பயணம் செய்வது அந்த முறையால்தான். அதன்படி தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் கொள்ளும். 'மயிலை' என்பதை நாம் மூன்று எழுத்தாக எண்ணுகிறோம். கணினியோ உயிர்க்குறிகளைத் தனியே பிரித்து ஐந்து குறிகளாகவும், பதினைந்து பைட்டுகளாகவும் எண்ணுகிறது. டபிள்யூசி கட்டளையைக் கொண்டு இதைத் தாமே சோதித்துப் பார்த்த மாணவர், தமிழ் கணினிக்குள் எவ்வாறு குடியிருக்கிறது என்பதை வேறெவரும் விளக்காமலே உணர்ந்துகொள்வார்.

தமிழுக்காக இன்னும் செய்யவேண்டிய பிரயத்தனங்களையும் இதே முனையம் காட்டிக்கொடுக்கிறது. எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் யூனிகோடு அட்டவணையில் 'ர'வை அடுத்து 'ற'வும், 'ந'வை அடுத்து 'ன'வும் நிற்கின்றன. எனவே மொழிக்குரிய அமைப்பைச் சொல்லாமல் வெறும் குறியெண் வரிசையில் சார்ட் செய்தால், வரும் பட்டியல் நம் நெடுங்கணக்கோடு ஒத்துவராது. இதைக் கண்டு திருத்தும் ஆற்றல் தமிழ் அறிந்து கட்டளையும் அறிந்தவர்களிடமிருந்தே பிறக்க வேண்டும். அயலாரிடமிருந்து எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வலிமை உள்ள இடத்தில் அபாயமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆர்எம் என்ற கட்டளையால் நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குப் போய்க் காத்திருப்பதில்லை, போனது போனதுதான். ஆகையால் நட்சத்திரக் குறி முதலியவற்றால் பல கோப்புகளை ஒருங்கே நீக்க நினைப்பவர், முதலில் அதே குறிப்பை எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து, எவை எவை அகப்படுகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டே நீக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை கேட்டு நீக்கும்படி செய்யவும் வழி இருக்கிறது. எந்தக் கட்டளையைப் பற்றியும் சந்தேகம் எழுந்தால், மேன் என்று எழுதி அதன் பெயரைச் சேர்த்தால், முழு விளக்கமும் திரையில் விரியும். 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலிருந்து தொடரும் நல்வழக்கம் அது. தட்டுவதற்கு முன் யோசிப்பதும், யோசித்ததைச் சிறிய அளவில் சோதிப்பதும், சோதித்ததைப் பெரிய அளவில் நடத்துவதும் ஆகிய மூன்று நற்பழக்கங்களையும் இந்தக் கட்டளைகள் தாமே கற்பித்துவிடுகின்றன.

இந்த அறிவு நம் நகரத்துக்குப் புதிதல்ல. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், 2004-இல், இரட்டைச் செயலி கொண்ட 144 கணினிகளை இணைத்து, லினக்ஸால் இயங்கும் 'காப்ரு' என்ற பெருங்கணினித் தொகுதியை அமைத்தது. அவ்வாண்டு ஜூனில் வெளியான உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. 2017 நவம்பரிலிருந்து அந்தப் பட்டியலிலுள்ள ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அத்தகைய தொகுதிகளுக்கு முன்னால் மவுஸோடு எவரும் அமர்வதில்லை; தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் இணைப்பு முறை வழியாக நுழைந்து எழுத்தாலேயே ஆள்கிறார்கள். மத்திய அரசின் சீ-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக 'பாஸ்' என்னும் லினக்ஸ் வடிவத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டதில் அதன் சென்னைக் கிளை பெரும் பங்கு ஆற்றியது. அதே காலத்தில், நந்தனத்திலுள்ள, தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கரின் தலைமையில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. லினக்ஸ் ஆர்வலர்கள் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடி, அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பித்துவந்தார்கள். 2012 முதல் 'கணியம்' இதழும் அதைச் சார்ந்தவர்களும், எளிய தமிழில் லினக்ஸைக் கற்பிக்கும் நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டு வருகிறார்கள். பம்பாய் ஐஐடியின் 'ஸ்போகன் டுடோரியல்' பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. ஆசிரியருக்கும் நூலுக்கும் குறைவில்லை. மாணவரை அவர்களிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் குறை.

ஆட்சேபங்கள் எழக்கூடும். ஆங்கிலம் நன்கறியாத மாணவருக்கு இது தடையல்லவா என்று சிலர் கேட்பார்கள். மெனுவிலுள்ள நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், இரண்டு மூன்று எழுத்தாலான இருபது முப்பது கட்டளைகளை மனத்தில் பதித்துக்கொள்வது எளிது. அவை குறிகளேயன்றி ஆங்கில வாக்கியங்கள் அல்ல. விளக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பது உண்மைதான். அவற்றுள் இன்றியமையாத ஐம்பதையேனும் நல்ல தமிழில் எழுதி, மேன் கட்டளையின் கீழ் கிடைக்கும்படி செய்வது கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக் கழகம் மேற்கொள்ளத்தக்க பணி.

செயற்கை நுண்ணறிவே கட்டளையை எழுதிக் கொடுக்கும்போது நாம் ஏன் கற்க வேண்டும் என்பது இக்காலத்துக் கேள்வி. எழுதிக் கொடுப்பது மெய். ஆனால் அதன் விளைவை அநுபவிப்பவர் நாம். ஆர்எம் என்ற இரண்டு எழுத்து எங்கே வருகிறது, எந்த ஃபோல்டரைச் சுட்டுகிறது என்று படித்தறியாமல், பிறர் எழுதிய வரியை ஒட்டி விசையைத் தட்டுவது, படித்துப் பாராத பத்திரத்தில் கையொப்பமிடுவதற்குச் சமானம். கட்டளைகள் மலிந்து வரும் காலத்தில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவரின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

ஆகவே என் கோரிக்கைகள் சிலவே. கிண்டி, சர்தார் படேல் சாலையிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், தட்டச்சுத் தேர்வுகளையும், அரசு அலுவலகத் தட்டச்சர் பணிக்கு வேண்டப்படும் கணினி அலுவலகத் தன்னியக்கச் சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. அந்தச் சான்றிதழின் பாடத்திட்டத்தில், இருபது கட்டளைகளும் பத்து விசைச் சேர்க்கைகளும் அடங்கிய தனிப் பகுதியும், அதற்கான செய்முறைத் தேர்வும் அமைய வேண்டும். தேர்வு என்று வந்துவிட்டால், மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய பள்ளி முதல் தென்கோடிச் சிற்றூர்ப் பள்ளி வரை, எந்த இயக்கமும் பிரசாரமும் இல்லாமலே பயிற்சி பரவிவிடும். பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு என்னும் லினக்ஸ் வடிவம் ஏற்கெனவே இடம்பெற்றிருப்பதால், அந்த மாணவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகவும் இராது.

தட்டச்சுப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு இதனால் செலவு அதிகமில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸைத் தாங்க இயலாத பழைய கணினிகள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு, கணினிச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவை நோக்கிச் செல்கின்றன. அவற்றில் லினக்ஸை நிறுவினால், கட்டளைப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. கழிக்கும் அலுவலகங்கள், பத்துக் கணினிக்கு ஒன்றையேனும் அருகிலுள்ள பள்ளிக்கு இனாமாக அளிக்கலாம்.

அரசாங்கம் பாடத்திட்டத்தைத் திருத்தும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஆப்பிள் கணினியில் 'டெர்மினல்' என்ற பெயரிலேயே முனையம் இருக்கிறது. விண்டோஸில் 2016 முதல் லினக்ஸ் துணையமைப்பைச் சேர்த்துக்கொள்ள வசதி உண்டு. ஆண்ட்ராய்டு செல்பேசியிலும் 'டெர்மக்ஸ்' என்ற செயலியை நிறுவிப் பழகலாம். நாளைக்கு இரண்டு கட்டளை வீதம், ஒவ்வொன்றையும் தம் சொந்தக் கோப்புகளின் நகல்மீது பிரயோகித்துப் பார்த்து, பயனை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தால், ஒரு மாதத்துக்குள் கட்டளை வரி கைவசமாகும். வீட்டில் லோயர் முடித்த பெண்ணோ பிள்ளையோ இருந்தால், அவர்களையும் உடன் உட்காரவைத்துக் கற்பியுங்கள்; விரல்கள் பழகியிருப்பதால் அவர்கள் நம்மைவிட விரைவில் தேர்ச்சி பெறுவார்கள்.